விட்டுடக்காவின் ஓடை

அந்த ஓடையில் பிடித்த மீனைப் பையில் போட்டுக்கொண்டு ஒருவர் நிம்மதியாகப் பாலத்தைத் தாண்டிவிட முடியுமா? முடியவே முடியாது. பாலத்துக்கு நேர் எதிரே தையல்கடை. கடைக்குள் மிஷின், மிஷினுக்குப் பின்னால் விட்டுடக்கா. வாயில் குண்டூசி கவ்வியிருந்தாலும் சரி, யாருக்காவது தோள்பட்டை அளவு எடுத்துக்கொண்டிருந்தாலும் சரி, எவன் பையாவது கனத்துத் தொங்குவது கண்ணில் பட்டால் போதும். "விட்டுடு! உயிரோட இருக்கும்போதே தண்ணியில விட்டுடு!" என்று ஜன்னல் வழியாகக் குரல் வந்துவிடும். ஊசியை எப்போது துப்பினாள் என்று அளவு கொடுக்க வந்தவருக்கே தெரியாது. பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்கிறது. அதை இப்போது தபால்காரர் மட்டும்தான் சொல்கிறார்.

அவளும் மீன் பிடிக்கிறவள்தான். அந்தக் கரையில் அவளை மிஞ்ச ஆள் கிடையாது. கடை திறக்கும் முன்பே ரப்பர் பூட்ஸை மாட்டிக்கொண்டு ஓடையின் வளைவுக்குப் போய்விடுவாள். புழுவெல்லாம் கோர்க்க மாட்டாள். தைத்து மிஞ்சிய பட்டு நூலையும் கோழி இறகையும் தூண்டில் முள்ளில் சுற்றி, நிஜ ஈ மாதிரியே ஒரு பொய் ஈ செய்து வைத்திருப்பாள். அதை நம்பி, மலை ஓடைகளில் வாழும் ட்ரவுட் மீன் பாய்ந்து கவ்வும். கையை நனைத்துக்கொண்டு அதைத் தூக்கி, உடம்பிலுள்ள புள்ளிகளை ஆசை தீரப் பார்த்து, "என்னடா ராஜா, ஏமாந்துட்டியா?" என்று கொஞ்சிவிட்டு, முள்ளைக் கழற்றி விடுவாள். வாலை ஒரு வீசு வீசி அது மறையும்போது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கல்யாணம் என்று ஒன்று நடந்து, அது சீக்கிரமே முடிந்தும் போய், தனியாளாகத் துணியோடு மல்லுக்கட்டுகிறவள். அவளுக்கு இருந்த சந்தோஷம் அது ஒன்றுதான்.

அந்தச் சந்தோஷத்தில் அடிபட்டவன் அவளுடைய தம்பி. அவனுக்கு மீன் என்றால் உயிர், தட்டில் இருந்தால்! எப்போதாவது வருவான், இரண்டு பிடிப்பான், வறுத்துச் சாப்பிடுவான். வேறு பேராசை கிடையாது. ஒரு விடுமுறை நாளில், பாலம் முழுக்க ஆட்கள் நிற்கும்போது, அக்கா அவன் பையைப் பிடுங்கித் தலைகீழாகக் கவிழ்த்தாள். மீன்கள் ஏற்கெனவே செத்திருந்தன; மல்லாந்தபடி மிதந்து போயின. "வயித்துக்காக உசிரை எடுக்கிறியே, வெக்கமா இல்ல? என் கூடப்பொறந்தவன்னு வெளியில சொல்லிக்காதே!" என்றாள். நின்றவர்கள் சிரித்தார்கள். அவன் காலிப் பையை மடித்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டு போய்விட்டான். அதற்குப் பிறகு ஓடைப் பக்கமும் வரவில்லை, கடைப் பக்கமும் வரவில்லை. தைக்கத் துணி இருந்தால் அவன் மனைவிதான் எடுத்துக்கொண்டு வருவாள்.

அக்காவுக்கு அதில் உள்ளூரப் பெருமை. சொந்தத் தம்பி என்றும் பார்க்காதவள் என்று நாலு பேர் சொன்னார்கள் இல்லையா! அந்தப் பேச்சில் ஊரே மெல்ல மெல்ல அவள் வழிக்கு வந்தது. மருந்துக்கடைக்காரர் வறுவலை மறந்தார். வேலையிலிருந்து ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர் ஒருவர், மனைவி போன பிறகு பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றிக்கொண்டிருந்தவர், அவளிடம் தூண்டில் வீசக் கற்றுக்கொண்டார். மழை விட்டிருந்த ஒரு குளிர்ந்த நாளில் அவருக்கு வாழ்க்கையில் முதல் மீன் சிக்கியது. முதுகுத் துடுப்பில் கிழிசல் உள்ள பெரிய ட்ரவுட். படம் எடுத்து, அழுதுகொண்டே விட்டார். அன்றிலிருந்து பாலத்தைக் கடக்கும்போதெல்லாம் எட்டிப் பார்ப்பார். கடை வாசலில் நின்று, "ஏம்மா, என் ஆளு சௌக்கியமா?" என்று கேட்பார். "உங்களைத்தான் சார் விசாரிச்சான்" என்பாள் இவள்.

ஓடைக்குத்தான் ஏதோ ஆகிக்கொண்டிருந்தது. முன்பெல்லாம் கூழாங்கல் கண்ணாடி மாதிரி தெரியும்; இப்போது கல்லின் மேல் பச்சை வழுவழுப்பு. ஆள் வந்தால் நாலாபக்கமும் சிதறி ஓடிய மீன்கள் இப்போது ஒன்றிரண்டாகத்தான் தென்பட்டன. "ராத்திரியில எவனோ வந்து திருடித் தின்னுறான்" என்று அக்கா அடித்துச் சொன்னாள். வளைவில் தண்ணீருக்கு மேல் கவிந்திருந்த மரக்கிளைகளில் அவளுடைய நூல் போய்ப் போய்ச் சிக்கிக்கொண்டிருந்தது. நகராட்சி ஆளை நச்சரித்து அவற்றை வெட்ட வைத்தவளும் அவள்தான். வெயில் நேராகத் தண்ணீரில் இறங்கியது. வீச எவ்வளவு வசதி என்று எல்லோரும் பாராட்டினார்கள்.

அந்தக் கோடையில், வழக்கம்போல ஒரு ஞாயிற்றுக்கிழமை "பிடித்து விடும் நாள்" நடத்த ஏற்பாடு செய்திருந்தாள். யார் நிறையப் பிடித்து நிறைய விடுகிறார்களோ அவர்களுக்கு அவள் கையால் தைத்த சட்டை பரிசு. அதற்கு முந்தைய வாரம் ஒரு நாள், வெகுநாள் பட்டினிக்குப் பிறகு அவளுக்கு ஒரு மீன் சிக்கியது. சும்மா வந்துவிடவில்லை, நன்றாக ஆட்டம் காட்டித்தான் வந்தது. பார்த்தால் துடுப்பில் கிழிசல்! பாலத்தில் நின்ற கண்டக்டர் தெரிய வேண்டுமென்று இரு கையாலும் உயரத் தூக்கிப் பிடித்தாள். "என் ஆளுதான்மா! அவனேதான்!" என்று அவர் கைதட்டினார். அவர் கண்ணாடியைத் தேடிப் போட்டுக்கொள்ளும் வரை பிடித்திருந்து, பிறகு விட்டாள். அது சாய்ந்தாற்போல் போனது. களைப்பு என்று நினைத்துக்கொண்டாள்.

கடைக்கு வந்தால் தம்பி மனைவி காத்திருந்தாள். அவனுடைய வேலைக்குப் போடும் கால்சட்டை, முழங்காலில் கிழிந்திருந்தது. தைப்பதற்கு முன் பையைத் துழாவுவது தையல்காரியின் பழக்கம். உள்ளே ஒரு தீப்பெட்டி. திறந்தால், பச்சைப் பட்டு நூல் சுற்றிய பொய் ஈக்கள்! நூல் அறுந்து மீனோடு போன அவளுடைய ஈக்கள், அவள் கைச்சுற்று.

"அடப்பாவி!" என்று எழுந்தாள். "நான் ஊரெல்லாம் திருடனைத் தேடினா, வீட்டுக்குள்ளேயே இருக்கானா!"

"அண்ணி, அவர் அப்படியெல்லாம்..." என்று தம்பி மனைவி தொடங்குவதற்குள் ஷட்டர் பாதி இறங்கிவிட்டது.

தம்பிக்கு ஓடையின் கீழ்ப்பக்கம் தண்ணீர் சுத்திகரிப்பு நிலையத்தில் வேலை. ஓடை உள்ளே நுழைகிற வாயில் இரும்புக் கம்பித்தடுப்பு இருக்கும். அதில் வந்து அடைக்கிற இலை, பாட்டில், பிளாஸ்டிக் எல்லாவற்றையும் நீளமான வாரியால் இழுத்துப் போடுவான். நாள் முழுக்க அதுதான். அக்கா உச்சி வெயிலில் வியர்த்து விறுவிறுத்துப் போய் நின்று, தீப்பெட்டியை அவன் மூக்குக்கு நேராக நீட்டினாள்.

"இது எப்படிடா உன்கிட்ட வந்துச்சு? திருட்டுத்தனமா பிடிச்சுத் தின்னுட்டு, என் முள்ளையே சேத்து வச்சிருக்கியா?"

அவனுக்கு முகம் வெளிறிவிட்டது. "நீ மொதல்ல வீட்டுக்குப் போக்கா. வெயில்ல நிக்காதே."

"பதில் சொல்லுடா!"

"சாயங்காலம் நானே கடைக்கு வரேன். இப்போ போ. உன் கால்ல வேணாலும் விழறேன்."

இத்தனை காலம் பேசாதவன் காலில் விழுகிறேன் என்கிறானே என்று அவள் திகைத்தாள். அவன் நின்ற விதமும் சரியில்லை. தடுப்பை மறைத்துக்கொண்டு நின்றான். அவனை ஒரு தள்ளு தள்ளிவிட்டு எட்டிப் பார்த்தாள்.

இலைக் குப்பைக்கு நடுவே ஒரு ட்ரவுட், வயிறு மேலே தெரிய, கம்பியில் சாய்ந்து கிடந்தது. அவன் வாரியால் அதை இழுத்து மேலே போட்டான். மறைக்க இனி என்ன இருக்கிறது. உதட்டில் முள் குத்திய சின்ன ஓட்டை. முதுகுத் துடுப்பில் கிழிசல். துணியில் எந்தக் கிழிசலைப் பார்த்தாலும் மறக்காத கண் அவளுக்கு.

"இதை நான் விட்டேனேடா," என்றாள். "காலையில உயிரோட விட்டேன். நீந்திப் போச்சு. என் கண்ணால பார்த்தேன்."

"நீந்தும்க்கா. கொஞ்ச தூரம் நீந்தும்." அவன் குனிந்து ஓடைத் தண்ணீரில் கை வைத்தான். "நீயும் தொட்டுப் பாரு. குளிர்ந்த தண்ணி மீனு இது. குளிர்காலத்துல நீ எத்தனை விட்டாலும் இங்க ஒண்ணுகூட வராது. வெயில் காலத்துல அதுக்கு மூச்சு விடறதே பெரும்பாடு. அதுல தூண்டில்ல இழுத்துப் போராட வச்சு, வெளியில தூக்கிப் பிடிச்சு விட்டா... நீ போயிட்டு வந்த அன்னைக்கு மத்தியானமே செத்து இங்க வந்துடும். நூல் அறுத்துட்டுப் போனதும் அப்படித்தான், உன் ஈ வாயில தொங்க வரும். அந்தக் கிளையெல்லாம் வெட்டின பிறகு ரொம்ப மோசம்."

அவள் தண்ணீரைத் தொட்டாள். பாத்திரம் கழுவ எடுத்து வைத்த தண்ணீர் மாதிரி வெதுவெதுப்பாக இருந்தது. தினமும் பூட்ஸ் போட்டுக்கொண்டு அதில்தான் நின்றாள். கையை நனைக்கும்போதும் மீனைத்தான் கவனித்தாளே தவிர, தண்ணீரை அல்ல.

"மத்ததெல்லாம் எங்கடா?"

அவன் வேலியோரத்தைக் காட்டினான். அங்கே மண் கிளறி மூடிக் கிடந்தது, சின்னச் சின்ன மேடுகளாக.

"புதைச்சியா? மீன்னா உனக்கு உசிராச்சே. எடுத்துட்டுப் போயிருக்கலாமே."

"எடுத்துட்டுப் போனேன் ஒரு தடவை. நீ விட்டதுன்னு நெனச்சா தொண்டையில இறங்கலக்கா."

"ஏன்டா சொல்லல?" என்றாள்.

"சொன்னா நம்பியிருப்பியா? அன்னைக்குப் பாலத்துல வச்சுப் பேசின கோவத்துல சொல்றான்னுவே." வாரியின் பிடியைத் தேய்த்தான். "அதோட, உனக்கு வேற என்னக்கா இருக்கு? காலையில போற, நாலு மீனை விடற, சந்தோஷமா வர. அதையும் நான் ஏன் கெடுக்கணும்?"

அக்கா அந்தக் குப்பைக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். அவன் இரண்டு தின்றான். இவள் எத்தனை கொன்றாள்? அதுவும் கொஞ்சிக் கொஞ்சி! இரண்டு மீன் பிடித்ததற்கு அவனை ஊர் முன்னால் நிறுத்தி மானத்தை வாங்கினாள். அவன் இவள் மானத்தைக் காப்பாற்ற மண் வெட்டிக்கொண்டிருந்திருக்கிறான். கிழிந்த துடுப்பு மீனை அவள்தான் புதைத்தாள். தம்பி மண்வெட்டியைக் கொடுத்துவிட்டுத் தள்ளி நின்றான்.

ஞாயிற்றுக்கிழமை பாலத்தில் கூட்டம் கூடிவிட்டது. தூண்டிலும் தொப்பியுமாக ஒரே அமர்க்களம். அக்கா வெறுங்கையோடு வந்தாள்; பின்னால் தம்பி. "தண்ணி சூடா இருக்கு. மழை வர வரைக்கும் யாரும் பிடிக்க வேண்டாம்" என்றாள்.

"பார்த்தீங்களா, மீனுக்காக எவ்வளவு இரக்கம்!" என்றார் மருந்துக்கடைக்காரர். "இந்த மனசு யாருக்கு வரும்?" நாலு பேர் கைதட்டினார்கள். தட்டலுக்குத் தட்டல் அவளுக்குக் கன்னத்தில் விழுந்த மாதிரி இருந்தது.

"தட்டாதீங்க!" என்று கத்திவிட்டாள். "வெயில் காலத்துல நான் விட்டதெல்லாம் செத்துப் போச்சு. கீழ கம்பியில போய் ஒதுங்கிச்சு. என் தம்பிதான் எடுத்துப் புதைச்சான். கிளையை வெட்டச் சொன்னதும் நான். இவனை எல்லாரும் சிரிக்கிற மாதிரி பேசினேனே, தப்பு என்னோடது. நான்தான் கொன்னேன். உங்களையும் கொல்ல வச்சேன்."

யாரும் சிரிக்கவில்லை. மருந்துக்கடைக்காரர் எத்தனையோ முறை மீனை விட்ட தன் கையைப் பார்த்துக்கொண்டார். ஒருத்தர் ஏதோ முணுமுணுத்துவிட்டு நகர்ந்தார். அவர் பின்னால் இன்னும் சிலர் போனார்கள். அக்கா தலையைக் குனியாமல் நின்றாள். குனிந்தால் அழுகை வந்துவிடும்.

கூட்டம் கரைந்த பிறகு கண்டக்டர் மட்டும் வந்தார். பாலத்தின் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு கீழே எட்டிப் பார்த்தார், வழக்கம்போல.

"ஏம்மா," என்றார். "நீ அன்னைக்குத் தூக்கிக் காட்டினியே. என் ஆளு... அவன் தப்பிச்சுட்டான்தானே?"

உண்மையைச் சொல்லத்தான் அவள் வாயைத் திறந்தாள். இவ்வளவு பேரிடம் சொன்னவளுக்கு இவர் ஒருவரிடம் சொல்ல என்ன கஷ்டம்? ஆனால் அவர் முகம் அவ்வளவு பக்கத்தில் இருந்தது.

"தப்பிச்சுட்டான் சார்," என்றாள். "அவன் கெட்டிக்காரன். மேல குளிர்ந்த தண்ணிப் பக்கம் போயிட்டான்."

"அதானே பார்த்தேன்!" என்று அவர் முகம் மலர்ந்தது. தொப்பியைச் சரிசெய்துகொண்டு வீட்டைப் பார்த்து நடந்தார். இனி தினமும் அவர் கடை வாசலில் நின்று விசாரிப்பார், தினமும் அவள் சௌக்கியம் என்று சொல்ல வேண்டும்.

அக்கா திரும்பித் தம்பியைப் பார்த்தாள்.

"இவ்வளவு நாளா இப்படித்தான் இருந்துச்சாடா உனக்கு?" என்றாள்.

"ம்," என்றான் அவன்.