வாசலில் அடித்த முளை

நம்பாவிட்டால் போகட்டும். இது எனக்கு நடந்தது. போன விஜயதசமியன்று, பட்டப்பகலில், மயிலாப்பூரில்.

நாங்கள் ஒரு நாடகக் குழு. ஐந்நூறு வருடங்களுக்கு முன் ஜெர்மனியில் பிரபுக்களை எதிர்த்துக் கிளம்பிய விவசாயிகளின் கதையை மேடையேற்ற இருந்தோம். புல்லறுக்கும் நீள அரிவாளை நிமிர்த்தி ஈட்டியாக்கிய கூட்டம் அது. ஆயுத பூஜையன்று எங்கள் நாடக ஈட்டிகளுக்கும் சந்தனம், குங்குமம் வைத்துக் கற்பூரம் காட்டினோம். யாருடைய ஆயுதம் என்று ஒருவரும் யோசிக்கவில்லை.

சுண்டல் சாப்பிடும்போது சொன்னேன். "சீரியல்ல சான்ஸ் வந்திருக்கு. நான் விலகிக்கறேன்."

இயக்குநர் கருணாகரன் சிரித்தான். "போய்க்கினே இரு செம்பியா. உன் வாசல்ல முளை அடிச்சிடறோம்."

அந்த விவசாயிக் கூட்டத்தின் வழக்கம் அது. சேர மறுத்தவன் வீட்டு வாசலில் மரமுளை அடிப்பார்கள். அதன்பின் அவனோடு யாரும் பேசக்கூடாது. சோறு, தண்ணீர் தரக்கூடாது.

மறுநாள் காலை கதவைத் திறந்தேன். வாசல் சிமெண்ட் தரையில் ஒரு முளை. அப்போதுதான் வெட்டிச் சீவிய பச்சை மரம். சுற்றிலும் ஒரு விரிசல்கூட இல்லை...

கருணாகரனைத் திட்டிக்கொண்டே டீக்கடைக்குப் போனேன். கடைக்காரர் எனக்குப் பின்னால் வந்தவருக்கு டீ கொடுத்தார். அவருக்குப் பின்னால் வந்தவருக்கும்.

"அண்ணே, எனக்கு?"

அவர் கண் என்னைத் தாண்டிப் போனது.

வீட்டுக்கு ஓடினேன். என் மனைவி நிலாவின் தோளைத் தொட்டேன். ஈ உட்கார்ந்ததுபோல் தட்டிவிட்டாள். செல்லை எடுத்து என் நம்பரை அழுத்தினாள். என் சட்டைப்பையில் மணி அடித்தது. எடுத்தேன்.

"நான் இங்கதான் இருக்கேன், நிலா."

"எடுக்கவே மாட்டேங்கறாரே..." அழ ஆரம்பித்தாள்.

ஒத்திகைக் கூடத்துக்கு ஓடினேன். மாடிப்படியெல்லாம் சேறு. மழையே இல்லை.

உள்ளே வட்டமாக நின்றிருந்தார்கள். கையில் ஈட்டிகள். முகம் தெரியவில்லை. ஈரக் கம்பளி நாற்றம்...

டொக். ஈட்டிக் காம்புகள் தரையைத் தட்டின.

டொக்.

"நானும்... சேர்ந்துக்கறேன்."

ஜில்லென்று ஒரு கை என் வலது கையைப் பிடித்தது. இரண்டு விரல்களை மட்டும் நிமிர்த்தி மேலே தூக்கியது.

செல் அடித்தது. நிலா.

"காலைலேருந்து எங்கங்க போனீங்க?"

பதில் சொன்னேன். அவளுக்கு என் குரல் கேட்டது. நிமிர்ந்தேன். கூடம் காலி.

வீட்டுக்கு வந்தபோது வாசலில் முளை இல்லை. சீரியலை விட்டுவிட்டேன்.

மறுநாள் கருணாகரனிடம் சண்டைக்குப் போனேன். "இன்னா மச்சி உளர்ற? நேத்து லீவு. கூடம் பூட்டிக் கெடந்துச்சு. சாவி என்கிட்டதான் கீது."

நாடகத்தை எழுதிய சிந்து மட்டும், கையை எப்படித் தூக்கினேன் என்று காட்டச் சொன்னாள். காட்டினேன். அவள் முகம் வெளுத்தது.

"கடைசிக் காட்சிய நான் இன்னும் யாருக்கும் குடுக்கலை, செம்பியன். கூட்டத்துல சேர்றேன்னு விரலத் தூக்கி சத்தியம் பண்ணவங்கள பிரபுக்கள் பிடிச்சு, தூக்கின விரல வெட்டறாங்க. இந்த ரெண்டைத்தான்."