ஃபிரிட்ஜுக்குத் தைத்த சட்டை

கட்டைவிரல் துணியின் ஓரத்தை உள்ளே மடித்துத் தள்ளுகிறது. ஆள்காட்டி விரல் அந்த மடிப்பை அழுத்திப் பிடிக்கிறது. இன்னொரு கை பின்பக்கம் நின்று, துணியை இழுக்காமல் தள்ளாமல், கூடவே நடத்திப் போகிறது. தையல் மெஷினின் மோட்டார் ஒரே சீராக உறுமுகிறது. வாயில் குண்டூசிகள். அவற்றைக் கடித்தபடியே பேசுவதற்கென்று இந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர் தனியாக ஒரு மொழி வைத்திருக்கிறார். உதடு அசையாது, சொல் மட்டும் வெளியே வரும். "ம்ம், சொல்லு, காதுல விழுது" என்பது அதில் அடிக்கடி வரும் வாக்கியம்.

குடியிருப்பில் அவருக்கு 'உறையக்கா' என்று பேர். சட்டை, கவுன், பள்ளிச் சீருடை என்று தைப்பதில்தான் பிழைப்பு ஓடுகிறது. ஆனால் மனசு கிடப்பது உறையில். வெட்டியதுபோக மிஞ்சிய துணியைக் கண்டால் அவருக்குக் கை சும்மா இருக்காது. அவர் வீட்டில் மிக்சி உறை போட்டுக்கொண்டு நிற்கும். ரிமோட்டுக்கு உறை, குடைக்கு உறை, கணவரின் மூக்குக்கண்ணாடி வைக்கும் டப்பாவுக்கும் ஓர் உறை. கணவர் ரொட்டித் தொழிற்சாலையில் வேன் ஓட்டுகிறார். "ஒருநாள் நான் அசந்து தூங்கினா எனக்கும் ஒண்ணு தச்சு மாட்டிடுவா" என்று வருவோர் போவோரிடமெல்லாம் சொல்வார். "உங்க தொப்பைக்கு அவ்வளவு மிச்சத்துணிக்கு எங்க போறது?" என்று குண்டூசிகளுக்கு நடுவிலிருந்து பதில் வரும்.

அளவெடுக்கும்போது மட்டும் ஊசிகள் வாயை விட்டு வெளியே வந்துவிடும். முதலில் டேப். அப்புறம், தைக்கப்போவது ஆளுக்கோ பொருளுக்கோ, உள்ளங்கையை விரித்து மெதுவாக ஒரு முறை தடவிப் பார்ப்பார். தோளின் சரிவு, கூன், எங்கே புடைப்பு, எங்கே பள்ளம், எல்லாம் அதில் தெரிந்துவிடும். "டேப் பொய் சொல்லாது. ஆனா முழுசாவும் சொல்லாது. மிச்சத்தை உள்ளங்கைதான் சொல்லணும்." இதைச் சொல்லும்போது அவர் குரலில் சந்தேகத்தின் நிழல்கூட இருக்காது. அவர் தைத்து, பத்தவில்லை என்று திரும்பி வந்த துணி கிடையாது.

பழைய ஃபிரிட்ஜ் கண்ணை மூடியபின் புதிதாக ஒன்று வந்தது. பழையதன் முதுகில் கறுப்புக் கம்பிகள் துருத்திக்கொண்டிருக்கும். புதியது நாலு பக்கமும் வழவழவென்று முகம் பார்க்கலாம்போல இருந்தது. அட்டைப்பெட்டியைக் கிழித்து நடு அறையில் நிறுத்தியதுமே, "கீறல் விழுந்துடும்" என்று டேப்போடு வந்துவிட்டார். அந்த உறைதான் அவருடைய கைவேலைகளிலேயே உச்சம். உள்ளே பஞ்சு வைத்து, கட்டம் கட்டமாகத் தைத்து, தலை, முதுகு, இரண்டு விலா எல்லாவற்றையும் மூடி, கதவை மட்டும் வெளியே விட்டது. விலாப்பக்கம் மாத்திரை அட்டை, சீப்பு, சாவிக்கொத்து வைக்க வரிசையாகப் பைகள். மாட்டி முடித்ததும் கணவர் இரண்டடி பின்னால் போய் நின்று பார்த்தார். "என் கல்யாணக் கோட்டுகூட எனக்கு இப்படி உட்காரல."

மேல்வீட்டு டீச்சர் அதைப் பார்த்துவிட்டு, அப்படியே ஒன்று வேண்டுமென்றார். டீச்சர் சொன்னால் அவருடைய பள்ளிக்கூடத்துச் சீருடை வேலை மொத்தமும் உறையக்காவிடம் வரும், அப்படிப்பட்ட வாடிக்கை. டீச்சர் வீட்டில் பார்த்து இன்னும் சிலர் கேட்டார்கள். குடியிருப்பில் பல ஃபிரிட்ஜுகள் மெத்தை போட்ட சட்டைக்குள் புகுந்தன.

அப்புறம்தான் அந்த பில் வந்தது.

கணவர் படித்தார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டு மறுபடி படித்தார். வழக்கமாக வருவதோடு அதில் பாதி இன்னும் சேர்ந்திருந்தது.

"இது நம்ம வீட்டு பில்தானா? எவனாவது நம்ம லைன்ல கொக்கி போட்டுட்டானா?"

மருந்துக்கடையில் கல்லாவில் உட்காரும் அவருடைய தங்கை அப்போதுதான் தலைக்குக் குளித்துவிட்டு வந்தாள். "கொக்கியை வெளிய தேடாதண்ணே. பொழுது விடிஞ்சா கொர்ருன்னு ஓடுதே, அதைப் பாரு. மோட்டார் ஒண்ணு, அயர்ன்பாக்ஸ் ஒண்ணு. ரெண்டும் அண்ணியோட ராஜ்ஜியம்."

"ஏன்டி, நீ முடி காயவைக்கிற மெஷின் என்ன காத்துலயா ஓடுது?"

"அது ரெண்டு நிமிஷம், அண்ணி."

"உன் ரெண்டு நிமிஷத்துல நான் காலர் வச்சு, கை வச்சு, பட்டனே கட்டிடுவேன்."

நாத்தனாரும் அண்ணியும் இப்படிப் பேசிக்கொள்வது அந்த வீட்டில் தினப்படி நடப்பது. இரண்டு பேருக்கும் அது இல்லாமல் காபி இறங்காது. ஆனால் கணவர் அன்று சிரிக்கவில்லை. "அடுத்த பில்லும் இப்படி வந்தா மோட்டாரைக் கழட்டிடலாம். முன்ன மாதிரி காலால மிதிச்சுக்கோ" என்றார். கோபமாகச் சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருக்கலாம். சாதாரணமாகச் சொன்னார்.

மாடிப்படியில் விழுந்ததிலிருந்து உறையக்காவின் வலது முட்டி பாதிக்கு மேல் மடங்காது. மிதிக்க முடியாமல் போனதால்தான் மோட்டாரே வந்தது. மோட்டார் போனால் சீருடை போகும், கவுன் போகும், உட்கார்ந்த இடத்தில் அவர் சம்பாதிக்கும் சம்பாத்தியம் மொத்தமும் போகும். அது அங்கிருந்த மூன்று பேருக்கும் தெரியும். நாத்தனார் ஈரத்துண்டை உதறும் சாக்கில் உள்ளே போய்விட்டாள்.

உறையக்கா கலங்குகிற ஆள் இல்லை. "எங்க பிடிக்குதுன்னு பாப்போம்" என்றார். சட்டை தோளில் பிடித்தால் முழுச்சட்டையையும் பிரிக்கமாட்டார். ஒவ்வொரு தையலாகத் தளர்த்திப் பார்ப்பார். வீட்டையும் அப்படியே எடுத்துக்கொண்டார். மெஷினை ஜன்னலோரம் இழுத்துப் போட்டு, விளக்கில்லாமல் தைத்தார். இஸ்திரி போட வேண்டியதையெல்லாம் சேர்த்துவைத்து ஒரே மூச்சில் தேய்த்தார். அப்புறம் ஒருநாள் மோட்டார், விளக்கு, மின்விசிறி, டிவி என்று எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, கைப்பிடிச் சுவரைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கிப்போய் மீட்டர் பெட்டி முன்னால் நின்றார். கரண்டு ஓடினால் சிமிட்டும் மீட்டரின் சிவப்பு விளக்கு அப்போதும் சிமிட்டிக்கொண்டே இருந்தது.

வெற்றியோடு படியேறி வந்தார். "எல்லாத்தையும் அணைச்சாச்சு. அப்பவும் சிமிட்டுது. திருடன் என் மெஷின்ல இல்ல."

"அப்ப பேய்தான் ஓட்டுது" என்றாள் நாத்தனார்.

"பேயா இருந்தா வரச்சொல்லு. அளவெடுத்து ஒரு உறை போட்டுடறேன்."

எல்லாவற்றையும் என்றால் ஃபிரிட்ஜைத் தவிர. பால் இருக்கும், தக்காளி இருக்கும். ஃபிரிட்ஜை யார் அணைப்பார்கள்? அது வீட்டுச் சுவர்மாதிரி. கணக்கில் வரவேயில்லை.

உண்மை வெளியே வந்ததற்குக் காரணம் நாத்தனாரின் காபி. விடுமுறை நாளன்று டம்ளரை ஃபிரிட்ஜின் தலையில் வைத்தாள். அது பஞ்சு மேட்டில் சாய்ந்து, உறை முழுக்க வழிந்தது. "கல்லாவுல உட்கார்ற கைக்கு டம்ளர் நிக்கல பாரு" என்று திட்டியபடி உறையக்கா அதைக் கழற்றினார். நாத்தனாரே துவைத்து மொட்டைமாடியில் காயப்போட்டாள்.

மதியம் உறையக்கா ஜன்னலோரம் ஒரு கவுனுக்குக் கையால் விளிம்பு அடித்துக்கொண்டிருந்தார். திடீரென்று வீட்டில் ஏதோ குறைந்தது.

"அண்ணி, கரண்டு போச்சு!" என்று உள்ளறையிலிருந்து குரல் வந்தது.

"ஆமாடி, போயிடுச்சு" என்றார் இவரும்.

நாத்தனார் வெளியே வந்தாள். இருவரும் ஒருவரையொருவர் பார்த்தார்கள். அப்புறம் மேலே பார்த்தார்கள். மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது.

ஓய்ந்திருந்தது ஃபிரிட்ஜ். இத்தனை நாளும் ஓயாமல் முனகிக்கொண்டே இருந்ததில், அந்த முனகல் இல்லாவிட்டால் கரண்டே இல்லை என்று நினைக்குமளவுக்கு அவர்கள் காது பழகிப்போயிருந்தது. உறையக்கா கவுனை மடியிலிருந்து எடுத்து வைத்துவிட்டுப் போய், ஃபிரிட்ஜின் விலாவில் உள்ளங்கையை வைத்தார். சூடு இருந்தது. காற்றுப் பட்டு மெல்ல ஆறிக்கொண்டிருந்தது.

"இது கடைசியா எப்ப நின்னுச்சுன்னு உனக்கு ஞாபகம் இருக்கா?"

நாத்தனாருக்கு ஞாபகமில்லை. வந்த நாளிலிருந்து அது நின்றதில்லை. உள்ளேயிருக்கும் சூட்டை விலா வழியாக வெளியே தள்ளுகிற பெட்டி அது. தள்ள வழியில்லாமல், மெத்தைக்குள் மூச்சுத் திணறி ஓடிக்கொண்டே இருந்திருக்கிறது. நாத்தனாருக்குப் புரிந்ததும் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. "இந்த வெயில்ல இதுக்குக் கம்பளிச் சட்டை மாட்டி விட்டுட்டீங்களே, அண்ணி!"

உறையக்கா சிரிக்கவில்லை. கையை எடுக்கவுமில்லை. "பிளக் சொருகறதுக்கு முன்னாடியே அளவெடுத்துட்டேன்" என்றார். "சும்மா நின்ன தகரத்தைத் தடவிப் பாத்திருக்கேன். ஜில்லுனு இருந்துச்சு. அது உசிரோட இருக்கும்போது எப்படி இருக்கும்னு கை கேக்கவே இல்ல." அப்புறம், "அளவு தப்பலடி. இத்தனை கச்சிதமா உட்கார்ந்ததுதான் தப்பு" என்றார்.

"அண்ணன்கிட்ட நீங்க சொல்றீங்களா, நான் சொல்லவா?"

"நானே சொல்றேன். நீ சொன்னா அதுக்குக் கை கால் முளைச்சிடும்."

கணவர் முழுதும் கேட்டார். எழுந்துபோய் ஃபிரிட்ஜைத் தொட்டுப் பார்த்தார். அதைச் சுவரிலிருந்து ஒரு சாண் முன்னால் இழுத்து வைத்தார். அடுத்த பில் பழையபடி இறங்கி வந்தது. மோட்டாரைப் பற்றி அவர் அப்புறம் பேசவில்லை. மெஷினுக்கு எண்ணெய் வாங்கி வந்து மேஜைமேல் வைத்தார், அவ்வளவுதான்.

ஆனால் அந்த பில் வரும்வரை உறையக்கா காத்திருக்கவில்லை. கரண்டு போனதாக நினைத்த அன்று சாயங்காலமே செருப்பைப் போட்டுக்கொண்டு கிளம்பினார். கணவர் வாசலில் மறித்தார். "எங்க போற? யாருக்கும் தெரியாது. பேசாம இரு. டீச்சரம்மா கோவிச்சுக்கிட்டா சீருடை வேலை போயிடும்."

"கரண்டைத் தின்னது யாருன்னு அவங்களுக்குத் தெரியாது. எனக்குத் தெரியுமே. ஒவ்வொருத்தர் வீட்டுலயும் என் தையல் உட்கார்ந்து தின்னுக்கிட்டு இருக்கு."

கதவு கதவாகத் தட்டி, சுற்றிவளைக்காமல் சொன்னார்: "உறையைக் கழட்டிக் குடுங்க. கரண்டைத் தின்னுது. தப்பு என்னோடது. திருத்தித் தர்றேன்." சிலர் சிரித்தார்கள். ஒருவர் பைகளை விட மனமில்லாமல் தர மறுத்தார். அவரிடம் நின்று பேசி வாங்கிக்கொண்டார். டீச்சர் மட்டும் கதவைப் பிடித்தபடி உறைந்து நின்றார்.

"நான் ஏசியைக் குத்தம் சொல்லி, அதை அணைச்சுட்டு வெந்துக்கிட்டு கிடக்கேன், அக்கா! எங்க வீட்டுக்காரர் என்னைக் குத்தம் சொன்னாரு. பிள்ளைங்க ரெண்டும் மூஞ்சியைத் தூக்கிக்கிட்டு திரியுது."

"திட்டிக்கோங்க, டீச்சர். திட்டி முடிச்சிட்டு உறையைக் குடுங்க."

இப்போது மெஷினில் ஓடிக்கொண்டிருப்பது டீச்சருடையதுதான். மற்றவர்களுடையது போய்ச் சேர்ந்துவிட்டது. இதைக் கடைசியாக, பொறுமையாக எடுத்துக்கொண்டார். முதுகும் விலாவும் வெட்டிப் போட்டாயிற்று. தலைக்கு மட்டும் ஒரு விரிப்பு, பஞ்சு இல்லாமல். பைகளை ஒரு பட்டையில் சேர்த்து, சமையலறைக் கதவில் மாட்ட ஒரு கொக்கி. ஓரம் முடிந்தது. பல்லால் கடிக்காமல் கத்தரியால் நூலை நறுக்குகிறார். மடித்துக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, முட்டியைத் தாங்கித் தாங்கி மேலே ஏறுகிறார்.

டீச்சர் அவரைச் சமையலறைக்குக் கூட்டிப்போகிறார். மடிப்பைப் பார்க்கிறார். "அவ்வளவு பெரிசா இருந்தது, இத்துணூண்டா ஆயிடுச்சே, அக்கா" என்று கை நீட்டுகிறார்.

உறையக்கா தரவில்லை. நீட்டிய கையைப் பிடித்து, உள்ளங்கையை விரித்து, முனகிக்கொண்டிருக்கும் ஃபிரிட்ஜின் விலாவில் வைக்கிறார்.

"சுடுதா?"

"லேசா சுடுது."

"சுடட்டும். அப்படியே வச்சிருங்க."

டீச்சர் ஏதோ கேட்க வாயெடுக்க, உறையக்கா கண்ணாலேயே பொறுக்கச் சொல்கிறார். ஃபிரிட்ஜ் ஒருமுறை லேசாகக் குலுங்கி, முனகலை நிறுத்துகிறது. சமையலறை சட்டென்று விரிந்ததுபோல ஆகிறது. டீச்சர் தன்னையறியாமல் மேலே மின்விசிறியை நிமிர்ந்து பார்க்கிறார்.

உறையக்கா கக்கத்திலிருந்த விரிப்பை எடுத்து, டீச்சரின் இன்னொரு கையில் வைக்கிறார்.