அமாவாசை அன்று பெண்களுக்கு மட்டும்

ஊர்ப் பெயரைச் சொல்லப் போவதில்லை. சொன்னால் நகராட்சி ஆபீசிலிருந்து யாராவது கிளம்பி வந்து, இப்படியெல்லாம் எழுதலாமா என்று கேட்பார்கள். எனக்கும் வாய் சும்மா இருக்காது. அப்புறம் அது வேறு வம்பு. திருச்செங்கோட்டில் பஸ் ஏறிக் கண்ணயர்ந்தால் தூக்கம் கலைவதற்குள் வந்துவிடுகிற ஒரு தறிக்கார ஊர் என்று வைத்துக்கொள்ளுங்கள். ராமாயி அக்காவின் பெயரை மட்டும் மாற்றவில்லை. அந்தப் பெயர் எங்காவது ஓரிடத்தில் அச்சில் வந்தே ஆகவேண்டும் என்று எனக்கு ஒரு பிடிவாதம்.

நான் சின்னப் பெண்ணாக இருந்தபோது எங்கள் தெருவில் பிள்ளைகளுக்கு இடம் கிடையாது. தெரு இருந்தது, ஆனால் அது பாவுக்கு. விடிந்ததும் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை நூலை நீட்டிக் கட்டி, கஞ்சி போட்டு, வெயிலில் காய விடுவார்கள். அதற்கு அடியில் குனிந்து ஓடினால்கூட, "எவ அவ, இழைய அறுத்துப்புட்டா!" என்று அப்பா நாலு வீட்டுக்குக் கேட்கிற மாதிரி கத்துவார். அறுந்திருக்காது. கத்துவது அவருக்கு ஒரு பழக்கம். எனக்கும் அந்த ரத்தம்தானே ஓடுகிறது. ஆக, எங்களுக்குப் போக்கிடம் தெருமுனையில் இருந்த நகராட்சிப் பார்க்குதான்.

பெரிய பார்க்கு என்று நினைத்துவிடாதீர்கள். தண்ணீரே வராத நீரூற்று ஒன்று. ஒரு தந்தம் உடைந்த சிமெண்ட் யானை ஒன்று. முதுகில் ஏறித் தும்பிக்கை வழியாகச் சறுக்கி வரலாம், வெயில் நேரத்தில் சறுக்கினால் தொடை வெந்துபோகும். சாயந்தரம் பாட்டும் செய்தியும் போடுகிற ரேடியோ அறை. அப்புறம் இரும்புச் சங்கிலி போட்ட ஊஞ்சல். அதில் ஆடிவிட்டு வந்தால் கையில் ஏறிய துரு வாசனை ராத்திரி சோறு தின்னும்போதும் போகாது. எனக்கு அந்த வாசனை அவ்வளவு பிடிக்கும். எதிர்வீட்டு மைதிலியும் நானும் அந்தப் பலகையில் ஆடிய ஆட்டத்துக்குச் சங்கிலி அறாமல் இருந்ததே பெரிய விஷயம்.

அந்தப் பார்க்கைக் கூட்டி, தண்ணீர் விட்டு, கேட்டைத் திறந்து மூடியவர்தான் ராமாயி அக்கா. பக்கத்துக் கிராமத்தில் காடு தோட்டம் வைத்திருந்த குடும்பம், கிணறு வற்றியதும் ஊருக்குள் பிழைக்க வந்தவர். வீட்டுக்காரர் லாரியில் கிளீனராக வடக்கே போய்விட்டு எப்போதாவது வருவார். அப்போது அக்காவுக்கு முப்பது வயது இருக்கும். தொண்டை மட்டும் மூன்று பேருக்கு உண்டானது. பூவைப் பறித்துவிட்டால் போச்சு. "பூவுக்கு வலிக்குமுன்னு நான் சொல்லமாட்டேன் சாமி. எனக்கு வலிக்குது. கொடங்கொடமாத் தண்ணி சொமக்கறவ நானு!" என்பார். அவருக்குத் தினக்கூலி வேலைதான். தினக்கூலிக்காரர்களைச் சீக்கிரம் நிரந்தரமாக்குவார்கள் என்று ஊரில் பேச்சு இருந்தது. அதைத்தான் அவர் மலைபோல நம்பியிருந்தார். நிரந்தரமானால் கடைசிக் காலத்தில் பென்ஷன் வரும், யார் கையையும் எதிர்பார்க்க வேண்டாம் என்று எங்களிடமே சொல்லுவார்.

நான் பெரியவளானேன். சீர் செய்தார்கள், புட்டு சுற்றினார்கள், தாவணி போட்டார்கள். எல்லாம் முடிந்து, "பார்க்குக்குப் போயிட்டு வாரேன்" என்று கிளம்பினால் அம்மா என்னை ஏதோ பைத்தியத்தைப் பார்ப்பதுபோலப் பார்த்தாள். "ஆம்பளைங்க வந்து போற எடத்துல தாவணியப் பறக்க உட்டுக்கிட்டு ஊஞ்ச ஆடுவியா? ஊரு காறித் துப்பும். போ, போய் ராட்டையச் சுத்து." அவ்வளவுதான். ஒரே நாளில் பார்க்கு முடிந்துபோனது. மைதிலிக்கும் அடுத்த மாசமே இந்தக் கதிதான். தெருவுக்குத் தெரு, வீட்டுக்கு வீடு, எங்களைப் போல ராட்டை முன்னால் உட்கார்ந்த பெண்கள் எத்தனை பேர்! எனக்கு வந்த கோபத்துக்கு அன்றைக்கு நூல் சுற்றிய தார்க்குச்சி ஒன்றும் உருப்படியாக இல்லை.

எங்கள் வீட்டுப் பின்பக்க ஜன்னலைத் திறந்தால் பார்க்கின் மதில் தெரியும். ஒருநாள் மதிலோரம் செடிக்குத் தண்ணீர் விட்டுக்கொண்டிருந்த ராமாயி அக்கா என்னைப் பார்த்துவிட்டார்.

"ஏஞ்சாமி, ஆளையே காணோம்?"

"நான் பெரியவளாயிட்டனுங்க அக்கா. இனி உடமாட்டாங்க."

"நீ பெரியவளானா ஊஞ்சச் சங்கிலி அறுந்து போயிருமா?"

"ஆம்பளைங்க இருப்பாங்களாமா."

அக்கா குடத்தில் மிச்சமிருந்த தண்ணீரைச் செடியில் கொட்டிவிட்டு, "ஆம்பளைங்கதான் பெரச்சனையா? அதச் சொல்லு மொதல்ல" என்று முணுமுணுத்துக்கொண்டே போய்விட்டார்.

எங்கள் ஊரில் அமாவாசை அன்று தறி ஓடாது. அன்றைக்கும் ஓடாது, இன்றைக்கும் ஓடாது. தீபாவளிக்குச் சரக்கு அனுப்ப வேண்டியிருந்தாலும் சரி, அமாவாசை என்றால் தறிக்குப் பொட்டு வைத்துக் கும்பிட்டுவிட்டு நிறுத்திவிடுவார்கள். தறி நின்றால் ராட்டையும் நிற்கும். எங்கள் பெண்களின் கை சும்மா இருப்பது மாசத்தில் அந்த ஒரு நாள்தான்.

அந்த மாசத்து அமாவாசைக்குப் பார்க்கு கேட்டில் ஒரு தகர போர்டு தொங்கியது. "நகராட்சி உத்தரவு. அமாவாசை அன்று பகல் இரண்டு முதல் நான்கு வரை பெண்களுக்கு மட்டும். ஆண்கள் உள்ளே வரக்கூடாது." லாரிக்குப் பின்னால் எழுதுவார்களே, அதே வளைந்த மஞ்சள் எழுத்து. நாலு மூலையிலும் தாமரைப்பூ வேறு. எந்த அரசாங்க போர்டில் தாமரைப்பூ இருக்கும்? அன்றைக்கு ஒருவரும் யோசிக்கவில்லை. என் அப்பாவுக்கு அரசாங்கம் என்றால் சாமிக்கு அடுத்தபடி. போர்டை இரண்டு தரம் படித்துவிட்டு வந்து, "கவருமெண்டே ஆம்பளை வரக்கூடாதுன்னு சொல்லிப்புடுச்சு, அப்பறம் என்ன? போயிட்டு வரட்டும் உடு" என்று அம்மாவிடம் சொன்னார். கத்தாமல் அவர் சொன்ன ஒரே நல்ல வார்த்தை என்று இன்னும் அதை நினைத்துக்கொள்கிறேன்.

அந்த இரண்டு மணி நேரத்தை எப்படிச் சொல்ல! தாவணிக்காரிகள் மட்டுமா வந்தார்கள்? கைக்குழந்தைக்காரிகள், மாமியாருக்குப் பயந்தவர்கள், அந்த மாமியார்களே வந்தார்கள். என் அம்மா, ஊர் காறித் துப்பும் என்றவள், சேலையைச் செருகிக்கொண்டு யானை மேல் ஏறித் தும்பிக்கையில் சறுக்கி வந்தாள். வந்து விழுந்து, எழுந்திருக்க முடியாமல் சிரித்தாள். அவள் அப்படிச் சிரித்து அதற்கு முன்னால் நான் பார்த்ததில்லை.

ராமாயி அக்கா மட்டும் கேட்டில் நிற்பார். முகம் ரோட்டுப் பக்கம், முதுகு எங்கள் பக்கம். "நீங்களும் வந்து ஒரு ஆட்டம் ஆடுங்கக்கா" என்று கூப்பிட்டால் திரும்பாமலே பதில் வரும்: "நான் ஆடுனா கேட்டை ஆரு பாக்கறது? கேட்டுல நிக்கறவ ரோட்டைத்தான் பாக்கோணும், ஊஞ்சலப் பாக்கக் கூடாது."

இரண்டு வருஷம் இப்படி ஓடியது. ஓர் அமாவாசை அன்று ஜீப் ஒன்று வந்து நின்றது. நாங்கள் ஊஞ்சலில் இருந்தோம், பேச்சு காதில் விழவில்லை. கேட்டுக்கு எதிரில் வெற்றிலைக் கடை வைத்திருந்த சாரதாமணி அக்கா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு அப்புறம் எங்களுக்கு ஒரு வார்த்தை விடாமல் ஒப்பித்தார். இறங்கியவர் ஊருக்குப் புதிதாக மாற்றலாகி வந்த அதிகாரி. ராமாயி அக்காவுக்கு அவரைத் தெரியாது.

"இன்னைக்குப் பொம்பளைங்களுக்குங்க. நாளைக்கு வாங்க."

"நான் யார் தெரியுமா? இந்தப் பார்க்கே என் ஆபீசுக்குக் கீழதான் இருக்கு. இது எந்த உத்தரவு? நம்பர் என்ன?"

"அதான் போர்டு போட்டிருக்குதில்லீங்க."

அவர் போர்டைப் படித்தார். படித்துவிட்டுச் சிரித்தாராம். "அரசாங்கம் தேதி சொல்லும், கிழமை சொல்லும். அமாவாசைன்னு எந்த ஆபீஸ்ல உத்தரவு போடறாங்க? இதை எழுதினது யாரு?"

அங்கேதான் அக்கா மாட்டிக்கொண்டார். வெள்ளிக்கிழமை என்று எழுதியிருந்தால் ஒருவேளை தப்பித்திருப்பார். ஆனால் வெள்ளிக்கிழமை எங்கள் ஊரில் தறி நிற்காதே! ஊர் நடப்பை மட்டும் யோசித்தவருக்கு ஆபீஸ் நடப்பு தெரியவில்லை.

"நாந்தானுங்க எழுதச் சொன்னேன். இந்தூருல தறி அன்னைக்குத்தானுங்க நிக்குது" என்றிருக்கிறார். அதிகாரி உள்ளே காலெடுத்து வைத்தபோது குறுக்கே வந்து நின்றிருக்கிறார். "உள்ள வயசுப் புள்ளைங்க இருக்குதுங்க. நாலு மணி ஆகட்டுங்க, கேட்டத் தொறந்து உடறேன். என்ற வேலைய வேணுமின்னா எடுத்துக்குங்க."

அந்த மனிதர் நாலு மணிவரை ஜீப்பிலேயே உட்கார்ந்திருந்தார். அந்த மட்டில் மரியாதைக்காரர். ஆனால் வேலையை எடுத்துக்கொண்டார். அக்காவைச் சந்தை கூட்ட மாற்றினார்கள். நிரந்தரமாக்க எழுதிய பெயர்களில் அவர் பெயரை அடித்துவிட்டார்கள். அப்புறம் வந்த எந்த அதிகாரியும் அதைத் திரும்ப எழுதவில்லை. கடைசிவரை தினக்கூலிதான். பென்ஷன் இல்லை.

போர்டு என்ன ஆச்சு என்கிறீர்களா? அப்படியே தொங்கியது! ஆபீஸ் போடாத போர்டைக் கழற்ற ஆபீசில் ஃபைல் இல்லையாம். ஃபைல் இல்லாமல் எவன் கை வைப்பான்? தாமரைப்பூவோடு வருஷக்கணக்கில் தொங்கியது. என் மகள் ஆடினாள், மைதிலியின் மருமகள் ஆடினாள். அக்கா தெருவில் வரும்போது நாங்கள் கை கூப்பினால், "அட போங்க சாமி, சந்தையில நெழலாவது இருக்குது" என்பார். ஒருநாள்கூட வருத்தப்பட்டுப் பேசியதில்லை. தீபாவளிக்கு எங்கள் தெருவில் தறி வைத்திருந்த ஒவ்வொரு வீட்டிலிருந்தும் அவருக்குச் சேலை போகும். "இத்தனையும் கட்ட எனக்கென்ன பத்து ஒடம்பா இருக்குது?" என்று திட்டிக்கொண்டே வாங்கிக்கொள்வார். அவருக்கு நாங்கள் பட்ட கடனில் அது ஓரத்து நூல்கூட இல்லை.

நடுவில் பார்க்கு பாழாய்ப் போய், பூட்டிப் போட்டார்கள். போன வருஷம்தான் புதுப்பித்துத் திறந்தார்கள். நடைபாதை, கலர் விளக்கு, செல்ஃபி எடுக்க ஓர் இதயம். யானையும் இல்லை, பழைய போர்டும் இல்லை. ஊஞ்சல் மட்டும் புதிதாக வைத்திருந்தார்கள். பக்கத்தில் நீலப் போர்டு: பன்னிரண்டு வயதுக்கு மேற்பட்டோர் ஊஞ்சலில் ஏறக்கூடாது.

அதைப் பார்த்ததும் எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ராமாயி அக்கா எண்பதை நெருங்குகிறார், மகள் வீட்டில் இருக்கிறார், முட்டி சரியில்லை. ஊருக்கே ஊஞ்சல் கொடுத்தவர் ஒரு நாள் அதில் உட்காரவில்லை. இப்போது விட்டால் எப்போது? அடுத்த அமாவாசைக்கு மைதிலியும் நானும் ஆட்டோ வைத்து அவரைக் கூட்டிக்கொண்டு போனோம். பழைய ஆட்கள் நாலைந்து பேர் வந்து சேர்ந்தார்கள்.

அக்காவை ஊஞ்சல் பக்கம் நடத்திக்கொண்டு போனதுமே விசில் சத்தம். காவலுக்கு இருந்த சின்னராஜ், ஒப்பந்தக்காரர் வைத்த ஆள், ஐம்பது வயதிருக்கும், ஓடிவந்தார்.

"பன்னெண்டு வயசுக்கு மேல ஏறக் கூடாதுங்கம்மா."

"எந்த உத்தரவு? நம்பர் என்ன?" என்றேன். வேண்டுமென்றேதான் கேட்டேன்.

"அதான் போர்டு போட்டிருக்குதில்லீங்க!"

ராமாயி அக்கா விழுந்து விழுந்து சிரித்தார். பாவம், அந்த ஆளுக்கு ஒன்றும் புரியவில்லை. நான் சண்டைக்கு இடுப்பில் கை வைத்தேன். அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டார். "வேண்டாஞ்சாமி. இவரு வேலைக்கு ஏதாச்சும் ஆயிரப் போவுது. உடு, ஊட்டுக்குப் போலாம்."

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. வேலை போனால் என்ன ஆகும் என்று இவரை விட யாருக்குத் தெரியும்? மைதிலிதான் சின்னராஜைத் தனியாகக் கூப்பிட்டு, அந்தப் போர்டு, ஜீப், சந்தை எல்லாவற்றையும் சொன்னாள். அவர் தலையைக் குனிந்து கேட்டார். விசிலைக் கழற்றிச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"நான் ஒரு டீ குடிச்சுட்டு வாரனுங்க. அதுவரைக்கும் கேட்டைப் பாத்துக்குங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டு ரோட்டைத் தாண்டிப் போனார்.

"நான் உக்காந்தா கேட்டை ஆரு பாக்கறது?" என்றார் அக்கா, பழக்க தோஷம்.

"நான் பாக்கறனுங்கக்கா. நீங்க போங்க."

போய் நின்றேன். ஒரு பெரியவர் நடைக்கு வந்தார். "இன்னைக்குப் பொம்பளைங்களுக்குங்க, நாளைக்கு வாங்க" என்றேன். எங்கே போட்டிருக்கிறது என்று போர்டைத் தேடினார். தேடட்டும் என்று விட்டுவிட்டேன். பின்னால் சங்கிலி மெதுவாகக் கிரீச்சிட்டது. திரும்பிப் பார்க்க எவ்வளவோ ஆசை. பார்க்கவில்லை, முகத்தை ரோட்டுப் பக்கமே வைத்துக்கொண்டு நின்றேன்.

அந்த மூன்று பேர் தொண்டை அப்படியே இருந்தது. தெருக்கோடிவரை கேட்டிருக்கும்.

"ஏம்புள்ள மைதிலி, சோறு திங்கறியா இல்லியா? பலமாத் தள்ளு சாமி!"