சுவரில் பதினெட்டு

சிவகாசியில் ஒரு பட்டாசுக் கம்பெனி ஆபீஸில் பெர்சிஸ் பதினொரு வருடமாக வேலை பார்க்கிறாள். வெம்பக்கோட்டை, மல்லாங்கிணறு, காரியாபட்டி என்று கம்பெனிக்கு மூன்று யூனிட். மூன்றின் லைசென்ஸ், வரைபடம், சோதனை அறிக்கை எல்லாம் அவள் பீரோவில்தான். யாருக்கு எந்தக் காகிதம் வேண்டுமானாலும் அவளுக்குத்தான் போன் வரும். இளைய மகளைப் பெற்று ஆஸ்பத்திரியில் படுத்திருந்த அன்றுகூட, காரியாபட்டியிலிருந்து ஒருவர் கூப்பிட்டு, அறிக்கை மூன்றாம் தட்டிலா நான்காம் தட்டிலா என்று கேட்டார். என்ன குழந்தை என்று கேட்க மறந்துவிட்டார்.

அதனால்தான் முதலாளியின் மகன் விக்னேஷ்வரன், எல்லாக் காகிதத்தையும் ஒரே இடத்தில் ஏற்றி, மூன்று யூனிட்டும் போனிலேயே பார்க்கும்படி செய்யலாம், திட்டத்தை நீங்களே போடுங்கள் என்றபோது அவளுக்கு அவ்வளவு சந்தோஷம். நான்கு மாதம் உழைத்தாள். ஒரே அறிக்கைக்கு நாலு நகல் சுற்றக்கூடாது. ஓர் எழுத்தைத் திருத்தினாலும் யார், எப்போது, ஏன் என்று எல்லோருக்கும் தெரியவேண்டும். அதற்காக 'மாற்றத்தின் காரணம்' என்று ஒரு கட்டம் வைக்கச் சொன்னாள். அதை நிரப்பாமல் திருத்தம் ஏறாது. ஏறியது எதுவும் அழியாது.

திங்கட்கிழமை தொடங்குவதாக முடிவானது. சனிக்கிழமை அவள் வெம்பக்கோட்டை யூனிட்டுக்குப் போய், போர்மேன் ஜாபஸின் போனில் திறந்து காட்டினாள். அந்த வார அறிக்கை வந்தது: 'அறை எண் 17. தரை ரப்பர் கிழிந்துள்ளது. சரிசெய்யும்வரை உள்ளே வேலை கூடாது.' வெடிமருந்து கையாளும் அறை அது. வெறும் தரையில் எதுவும் உரசினால் ஒரு பொறி போதும். புது ரப்பர் வர ஒரு வாரம் ஆகும்.

பூட்டியிருக்கிறதா என்று பார்க்க நடந்தாள். பதினேழில் மூன்று பெண்கள் உட்கார்ந்து வேலை செய்துகொண்டிருந்தார்கள். உடனே வெளியே வரச் சொன்னாள். பின்னால் வந்த ஜாபஸ் அடுத்த அறையைக் காட்டினார். சுவரில் 18 என்று எழுதியிருந்த அந்த அறை பூட்டிக் கிடந்தது.

"பேப்பர்ல பதினேழுங்கது இதுதான் தங்கச்சி. நான் ஒண்ணு கூட்டிப் பாத்துக்கிடுவேன்."

நான்கு வருடத்துக்கு முன்னால் அங்கே பதினாலாம் அறை வெடித்தது. ஓவியா என்ற பத்தொன்பது வயதுப் பெண் செத்துப்போனாள். அந்தக் காகிதங்களை அடுக்கிக் கட்டி வைத்ததே பெர்சிஸ்தான். அதே இடத்தில் புது அறை கட்டினார்கள். ஆனால் பதினாலு என்ற எண்ணைப் பார்த்துவிட்டு ஒருத்தியும் படி ஏறவில்லை. ஜாபஸ் ஒருநாள் பெயிண்ட் டப்பாவைத் தூக்கிப் பதினாலைப் பதினைந்தாக்கி, அதற்கடுத்த அறைகளுக்கும் ஒவ்வோர் எண் கூட்டி எழுதிவிட்டார். ஆட்கள் வந்தார்கள். லைசென்ஸ் வரைபடமும் அதைப் பார்த்து எழுதும் அறிக்கையும் பழைய எண்ணிலேயே நின்றுவிட்டன. ஆபீஸை விட்டு அதிகம் வெளியே வராத பெர்சிஸுக்கு இது தெரியவே இல்லை.

இதுவரை கூட்டிப் பார்க்க ஜாபஸ் இருந்தார். திங்கள் முதல் பத்து நாள் இருக்கமாட்டார். மனைவிக்கு மதுரையில் ஆபரேஷன். பதிலுக்கு மல்லாங்கிணற்றிலிருந்து வரும் பாண்டிச்செல்வத்துக்குப் போனில் இருப்பது மட்டும்தான் தெரியும். பதினேழைப் பூட்டிவிட்டு, பதினெட்டைத் திறந்து ஆளை உட்கார வைப்பார். அவரிடம் வாயால் சொல்லிவிடலாம்தான். அவருக்குப் பிறகு வருகிறவருக்கு யார் சொல்வது? வாய்ச்சொல்லை நம்பக்கூடாது என்றுதானே இத்தனையும் செய்தாள்.

விக்னேஷ்வரனுக்குப் போன் செய்தாள். சுவரில் பழைய எண்ணையே எழுதச் சொன்னார் அவர். காகிதத்தில் சுவர் எண்ணைச் சேர்க்கவே கூடாது, லைசென்ஸும் கட்டடமும் பொருந்தவில்லை என்று நாமே எழுதிக் கொடுத்தமாதிரி ஆகிவிடும் என்றார். அதிலும் நியாயம் இருந்தது.

சாப்பாட்டு நேரத்தில் பெர்சிஸ் பஞ்சம்மாளிடம் போனாள். ஓவியாவின் அம்மா. மகள் போன அதே இடத்து அறையில்தான் அவருக்கு வேலை. பெர்சிஸ் தயங்கித் தயங்கி விஷயத்தைச் சொன்னாள். பஞ்சம்மாள் சோற்றைப் பிசைந்துகொண்டே கேட்டார்.

"எந்த ரூம்ல உக்காந்திருக்கேன்னு எனக்குத் தெரியாதா தாயி? பதினஞ்சுன்னு எழுதியிருக்கு, போறேன். நாளைக்கே பதினாலுன்னு எழுதுங்க, வேணாங்கல. என் காலு வராது. அம்புட்டுதான்."

"ஆபீஸ்ல ஏசியில இருக்கவுகளைக் கொண்டாந்து உக்கார வைக்கச் சொல்லுங்க" என்றாள் பக்கத்திலிருந்த கற்பகவல்லி. இரண்டு பேர் சிரித்தார்கள். பஞ்சம்மாள் சிரிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை கோயில் முடிந்து வந்ததும், சேலைகூட மாற்றாமல் பெர்சிஸ் லேப்டாப்பைத் திறந்தாள். அறிக்கையில் 17 என்பதற்குப் பக்கத்தில் 'சுவரில் 18' என்று சேர்த்தாள். பதினாலிலிருந்து கடைசி அறைவரை ஒவ்வொன்றுக்கும் அப்படியே சேர்த்தாள். ஏற்றப் போனபோது அந்தக் கட்டம் வந்து நின்றது. மாற்றத்தின் காரணம்.

'எழுத்துப் பிழை' என்று அடித்தாள். அழித்தாள். 'பெயிண்ட்' என்று அடித்தாள். அதையும் அழித்தாள். கடைசியில் 'ஓவியா' என்று அடித்து ஏற்றிவிட்டாள். மூன்று யூனிட்டிலும் தெரியும், விக்னேஷ்வரனுக்கும் தெரியும், இனி அவளே நினைத்தாலும் அழிக்க முடியாது.

திங்கள் காலை, பையை வைப்பதற்குள் விக்னேஷ்வரன் தன் அறைக்கு வரச் சொன்னதாக ஆள் வந்து சொன்னார். எழுந்தபோது போன் அடித்தது. பாண்டிச்செல்வம்.

"அக்கா, பதினெட்டைப் பூட்டியாச்சு. காரணம்னு ஒரு பேரு போட்டிருக்கீகளே, ஓவியான்னு. யாருக்கா அது?"

விக்னேஷ்வரனின் அறைக் கதவு திறந்தே இருந்தது. பெர்சிஸ் மறுபடி நாற்காலியில் உட்கார்ந்து சொல்லத் தொடங்கினாள்.