ஒட்டகத்துக்கு வைத்த சந்தனம்

நடுவில் திமில்போல் எழும்பி, இரண்டாகப் பிளந்து கிடக்கும் அந்தக் கீபோர்டுக்கு நான் வைத்த பெயர் ஒட்டகம். வந்ததும் ஷார்ஜாவிலிருந்துதான். ஒரத்தநாடு பேருந்து நிலையத்துக்குப் பின்னால் கம்ப்யூட்டர் சென்டர் நடத்திய அக்காவுக்கு மணிக்கட்டு வீங்கி, டைப் அடிப்பதையே விடச் சொல்லிவிட்டார் டாக்டர். விடுப்பில் வந்த அவர் கணவர் இதை விமானத்தில் மடியிலேயே வைத்துக்கொண்டு வந்தார். ஒரே மாதத்தில் அக்காவின் விரல்கள் மறுபடி ஓடின, கடையும் ஓடியது. அங்கே நான் ஆபரேட்டர். வேகத்தில் எருமை.

ஆயுத பூஜை வந்தது. "உங்க வழக்கப்படி செய்ங்க தம்பி. எனக்குப் பொரி மட்டும் எடுத்து வைங்க" என்று சாவியைக் கொடுத்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போனார். மானிட்டருக்கும் பிரிண்டருக்கும் ஒரு பொட்டோடு நிறுத்தினேன். ஒட்டகம் வெளிநாட்டு விருந்தாளி ஆயிற்றே! சந்தனத்தைத் தண்ணீராகக் கரைத்து விசைக்கு விசை வைத்தேன். பக்தி பொங்கி இடுக்கில் இறங்கியது.

மறுநாள் பாதி விசைகள் அமுங்கவில்லை, அமுங்கியவை எழவில்லை. கால்நடைக் கல்லூரி மாணவர் ஒருவரின் ஆட்டு ஆராய்ச்சியை இரண்டு நாளில் அடித்துத் தரவேண்டும். அக்கா என்னைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் நிம்மதியாக இருந்திருக்கும். வெளியே போய்ப் போனில் கணவரிடம் பேசிவிட்டு வந்தார்.

"மச்சான் இன்னொண்ணு வாங்கப் போன மாசமே கேட்டாங்களாம். அந்த மாடலையே நிறுத்திட்டானாம்."

மணிக்கட்டில் துணியைச் சுற்றிக்கொண்டு பழைய தட்டைக் கீபோர்டில் உட்கார்ந்தார். ஒவ்வொரு வரிக்கும் அவர் முகம் சுருங்கியது. பக்கத்தில் நான் விசைகளைக் கழற்றி, பூஜைக்குப் பொரி வைத்த தட்டில் போட்டு, ஊசியும் ஸ்பிரிட்டுமாகச் சுரண்டிக்கொண்டிருந்தேன். எது எங்கே இருந்தது என்று அக்காவின் விரல்களுக்கு இடையே எட்டிப் பார்த்துக் குறித்துக்கொண்டேன்.

மூன்றாம் நாள் எல்லா விசைகளும் பிழைத்தன. வார்த்தைக்கு வார்த்தை இடம்விடும் நீளப் பட்டை மட்டும் ஓங்கிக் குத்தினால்தான் இறங்கியது. "ஒட்டகம் கொஞ்சம் நொண்டுது, விடுங்க" என்று அக்கா சிரித்தார். அதன்பின் வார்த்தைக்கு ஒரு 'டொக்'. ஒவ்வொன்றும் என் நெஞ்சில் விழுந்தது. தை பிறப்பதற்குள் அவர் கட்டைவிரலிலும் துணி ஏறியிருந்தது.

பிறகு கடையை மூடிவிட்டுக் கணவரிடம் போகும்போது ஒட்டகத்தை என்னிடமே விட்டுச் சென்றார். இந்த ஆயுத பூஜைக்கு, "இதுக்கும் வைக்கட்டுமாங்க?" என்று சந்தனக் கிண்ணத்தோடு வந்தாள் மனைவி. "மேசைக்கு வை" என்று பாய்ந்து தடுத்தேன். அவள் போனதும் பட்டையைக் குத்திப் பார்த்தேன். டொக்.

அக்கா இப்போதெல்லாம் எனக்குக் குரல் செய்திதான் அனுப்புகிறார். ஒரு வரிகூட அடிப்பதில்லை. கை எப்படி இருக்கிறது என்று கேட்டு எழுதுகிறேன், அனுப்புமுன் அழித்துவிடுகிறேன்.