மாதா நிறம்

ஸ்டெபின் ஓசூர் தொழிற்சாலையில் ஷிப்டையே சிரிக்க வைக்கும் வாய்க்காரன். அந்த வாயோடுதான் நிச்சயதார்த்த மோதிரம் எடுக்க நகைக்கடைக்கு வந்தான். கூட, அவன் கட்டிக்கப்போகும் ரெனிட்டாவும் அவள் அம்மாவும். தளிப் பக்கத்து விவசாய வீட்டில் பிறந்து, கிறிஸ்தவரைக் கட்டிக்கொண்டு ஞானஸ்நானம் வாங்கியவர் அந்த அம்மா. மாதா கோயில் பதிவில் மேரி. ஊர் வாயில் இன்னும் லட்சுமியம்மாள்.

ஸ்டெபின் நீலக்கல் மோதிரத்தை எடுத்தான். "மாதா முக்காட்டு நிறம். எப்படி?"

ரெனிட்டா விரலை நீட்டினாள். லட்சுமியம்மாள் அதைப் பிடித்துக்கொண்டார்.

"நீலம் வேண்டாம் தம்பி. எல்லாருக்கும் ஒத்துக்காது."

"ஆமாங்க, சனி கல்லாச்சே," என்றாள் விற்பனைப் பெண் யுவஸ்ரீ. "தலைகாணிக்கு அடியில வெச்சு, கெட்ட கனவு வருதான்னு பாத்துட்டுதான் நெறைய பேரு போடுவாங்க."

"என்ன அத்தே, ஞானஸ்நானத் தண்ணி அதுக்குள்ள காஞ்சு போச்சா? இன்னும் சனீஸ்வரனுக்கு பயமா?"

கடையில் நின்றவர்கள் சிரித்தார்கள். லட்சுமியம்மாள் மகளின் விரலை விட்டுவிட்டுத் தலைப்பை இழுத்துத் தோளை மூடிக்கொண்டார்.

"உங்க இஷ்டம் தம்பி. நீலமே எடுங்க."

ரெனிட்டா திரும்பினாள். "போன மாசம் உங்க புது வண்டிச் சக்கரத்துக்கு அடியில எலுமிச்சம்பழம் வெச்சது யாரு? வானத்துலேர்ந்து எறங்கின சம்மனசா?"

சிரிப்பு இப்போது அவன் பக்கம் திரும்பியது. காது சுட்டது. ஆனால் அவள் அடுத்துத் தணிந்த குரலில் சொன்னதுதான் அவனை அறுத்தது.

"கட்டிக்கிட்டு வந்த நாள்லேர்ந்து அப்பா வீட்டு ஆளுங்க அம்மாவ இதையேதான் கேட்டாங்க. பொட்டு வெச்சியா, விளக்கு போட்டியான்னு. மாதா கோயில்ல முதல் பூசைக்கு அம்மா இல்லாத ஞாயித்துக்கிழமை கிடையாது. இப்ப நீங்களும் கேட்டுட்டீங்க."

ஸ்டெபின் மோதிரத்தைக் கீழே வைத்தான். அது கண்ணாடியில் பட்டுச் சத்தம் போட்டது.

"அத்தே... நீங்களே ஒண்ணு எடுத்துக் குடுங்க."

"எனக்காக மாத்தாதீங்க தம்பி. மாதா நிறம்னு ஆசையா எடுத்தீங்க."

அவர் கோபப்பட்டிருந்தால் தேவலை என்றிருந்தது அவனுக்கு. "இல்ல அத்தே, நீங்கதான் எடுக்கணும்," என்றான் மறுபடியும்.

லட்சுமியம்மாள் தட்டு தட்டாகப் பார்த்தார். சிவப்பைத் தொட்டார், விட்டார். பச்சையைத் தொட்டார், விட்டார். கடைசியில் ஒரு வெறும் பொன் வளையத்தை எடுத்தார்.

"இதுல கல்லே இல்ல. யாரும் ஒண்ணும் சொல்ல முடியாது," என்றார்.

மன்னிப்புக் கேட்க ஸ்டெபின் வாயைத் திறந்தான். அதற்குள் அவர் அந்த வளையத்தை ரெனிட்டாவின் விரலில் போட்டு அளவு பார்க்க ஆரம்பித்திருந்தார்.