போத்தல் தண்ணீரும் கிணற்று மருந்தும்

இரசாயனம் படித்தவனிடம் ஊரார் கேட்பது இரண்டே கேள்விதான்: சவர்க்காரம் செய்யத் தெரியுமா, சட்டையில் பட்ட வாழைக்கறையைப் போக்கத் தெரியுமா? எனக்கு இரண்டும் தெரியாது. உங்களுக்கும் தெரியாதென்றால் நாம் ஒரே கட்சி.

செவ்வாய்க்கிழமை

தொண்ணூறுகளின் நடுவில், பட்டம் பெற்ற கையோடு யாழ்ப்பாணத்திலிருந்து வன்னிக்கு இடம்பெயர்ந்தேன். வட்டக்கச்சியில் மலையகக் குடும்பங்கள் இருந்த ஒரு குடியிருப்பின் பொதுக்கிணற்றுக்குக் குளோரீன் போடும் வேலை கிடைத்தது. செவ்வாய்தோறும் சைக்கிளில் போய்ப் போட்டுவிட்டு வருவேன். ஆனாலும் வயிற்றோட்டம் நிற்கவில்லை. அங்கிருந்த பச்சையம்மாவின் நாலு வயது மகள் மலர் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய்த் தப்பி வந்தாள். மூன்றாம் தடவை தப்புவாளா என்று எனக்கே பயமாகிவிட்டது.

அளவைக் கூட்டினேன், குறைத்தேன், புத்தகத்தைப் புரட்டினேன். கடைசியில்தான் பச்சையம்மாவிடம் கேட்கத் தோன்றியது. அவர் ஒளிக்காமல் சொன்னார்: "நீங்க வார நாள் தெரியுந்தானே சேர். மருந்து மணம் போகும் வரைக்கும் குடிக்க, திங்கக்கெழமையே நல்ல தண்ணியா அள்ளி வச்சிருவோம்."

போத்தல்

எனக்குக் கோபம் வந்தது. மணமும் போய், மருந்தின் வேகமும் போன பிறகுதான் கிணற்றடிக்கு வருகிறார்கள்! எல்லாரையும் கூப்பிட்டுக் கிருமிகளைப் பற்றி அரைமணி நேரம் பிரசங்கம் வைத்தேன். தொண்டை வறண்டது. பையிலிருந்த போத்தலை எடுத்து, வீட்டில் கொதிக்க வைத்துக் கொண்டுவந்த தண்ணீரைக் குடித்தேன். கூட்டத்தின் கண்ணெல்லாம் போத்தலில்தான் இருந்தது.

பச்சையம்மா மரியாதையாகத்தான் கேட்டார்: "ஏன் சேர், எங்க தண்ணிய நீங்க குடிக்க மாட்டீங்களா?"

நாலாவது தேநீர்

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அடுத்த செவ்வாய் போத்தல் இல்லாமல் போய், "அக்கா, இண்டைக்கு முழுக்க உங்கட வீட்டிலதான் தேத்தண்ணி" என்றேன். மருந்து போட்ட தண்ணீரை அள்ளி, கிருமி சாகட்டும், மணம் பறக்கட்டும் என்று வாயகன்ற பானையில் மெல்லிய துணி கட்டி வைத்தோம். மணிக்கொரு தடவை அதில் தேநீர் ஊற்றி இருவரும் குடித்தோம். முதல் மூன்றையும் அவர் முகம் சுளித்து ஒதுக்கினார். கொப்பியில் எழுதியவன் நான், முடிவு சொன்னது அவருடைய நாக்கு. என் முதல் ஆய்வுக்குழு அதுதான்.

நாலாவதைக் குடித்துவிட்டு வீடு வீடாகப் போய்ச் சொன்னார்: "நாலு மணித்தியாலம் வச்சா மணமில்ல. சேரும் குடிச்சாரு, நானும் குடிச்சேன்."

மலர்

அதன்பிறகு மலர் ஆஸ்பத்திரிப் பக்கம் போகவில்லை. பல்கலைக்கழகத்தில் வேலை கிடைத்துப் பயணம் சொல்லப் போனபோது, கன்னம் உப்பி, ஓடியாடித் திரிந்தாள். எனக்குத் தண்ணீர் கொண்டுவந்தாள். கோப்பையில் பாதிதான் இருந்தது. மீதி எங்கே என்றேன்.

"நல்ல தண்ணியான்னு நான் மொதல்ல குடிச்சுப் பாத்தேன் மாமா. நீங்க பயப்படாமக் குடிங்க."

இன்று ஒரு முழு ஆய்வுப் பிரிவுக்கே தலைவனாக இருந்து கட்டுக்கட்டாக அறிக்கைகளில் கையெழுத்து வைக்கிறேன், ஆனால் வாசித்ததும் என் கண்ணைக் கலங்க வைத்த முடிவு ஒன்றுகூட இன்னும் என் மேசைக்கு வரவில்லை.